கடைசிக் கார்டில் இருந்த பெயர்

போன வாரம் காந்தலூரிலிருந்து போன் வந்தது. "மாராத்தா அம்மாங்களா?" என்று கேட்டது ஒரு பெண்குரல். ஞானமுத்து சாரின் மகளாம். பழைய ஆட்களிடம் விசாரித்து என் எண்ணை வாங்கியிருக்கிறாள். "அப்பா போயிட்டாங்கம்மா" என்றாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்கத் தோன்றவில்லை.

கஞ்சிக்கோட்டு ஆலையின் கார்டு அறையில் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில் ஒன்றும் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. பதினோரு பெண்கள், மெஷின் படிக்கிற கார்டில் எழுத்தெழுத்தாக ஓட்டை போடுவோம். ஒரு கார்டுக்கு ஒரு வரி. மெஷினுக்குக் கட்டளை எழுத ஒரு மொழியை ஞானமுத்து சார் தாமே உருவாக்கிக்கொண்டிருந்தார். மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கணக்கென்றால் அந்த மொழி ஓடும். நாலு வரி அறிவிப்பு என்றால்தான் பாடு. வரிக்கு வரி முன்னும் பின்னும் மேற்கோள் குறி, வரியை வரியோடு சேர்க்க இன்னொரு குறி. ஒன்று விட்டாலும் மொத்தமும் திரும்பி வரும். திட்டு எங்களுக்கு.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஏனுங்க சார், மூட்டையில நெல்லப் போட்டா வாயத்தானுங்க கட்டுவாங்க? நெல்லு நெல்லாவா கட்டுவாங்க?"

"நல்லாத்தான் கேக்கிய" என்று சிரித்தவர் அந்தக் கார்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் புது விதி வந்தது. தொடங்க ஒரு கார்டு. பிறகு வரிகளை இடைவெளியோடு உள்ளபடியே அடிக்கலாம். கடைசிக் கார்டில் ஒரே ஒரு சொல். அதைக் கண்டதும் மெஷின் நிறுத்திக்கொள்ளும். அந்தச் சொல் அச்சில் வராது. அதற்கு அவர் வைத்தது என் பெயரை. "எந்த அறிவிப்புலயும் தனி வரியில வராத பேரு இதுதான்" என்றார் பெருமையாக. எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அந்த வருடம் எங்களை நிரந்தரமாக்கும் பட்டியல். பெயர் வராவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று என் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆபீசிலேயே ரகசியமாகக் கார்டு அடித்து, மெஷினில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டினார்கள். ஆறு பெயர்கள். நான் இல்லை; இன்னும் நாலு பேரும் இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் சார் காகிதத்தோடு வந்து எல்லோர் முன்னாலும் நின்றார். "ஏழாவது பேரு மாராத்தா. அதப் பாத்ததும் மெஷினு முடிஞ்சுதுன்னு நின்னுட்டு. கீழ இருந்த நாலு பேரும் அதோட போச்சு. தப்பு என்னுது தாயி."

"என்ற பேரு பலகையில வரவே வராதுன்னுதானுங்களே அத வெச்சீங்க?" என்றேன்.

அன்றே விதியை மாற்றினார். முடிவுச் சொல் எது என்பதை எழுதுகிறவரே முதல் கார்டில் சொல்லிவிட வேண்டும். "தொடங்கையிலயே முடிவச் சொல்லிட்டா, நடுவுல எது வந்தாலும் பயமில்ல" என்பார். புதுப் பட்டியலை என்னையே அடிக்கச் சொன்னார். முடிவுச் சொல்லாக அவர் எழுதிக் கொடுத்தது அவருடைய பெயர்.

"உங்க பேரு அச்சுல வராதுங்களே?"

"வரண்டாம். ஒங்க பேரு வரட்டும்."

பதினோரு பெயரும் பலகையில் ஏறின. ஆனாலும் நான் ஆறவில்லை. இரண்டு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் காலையில் அன்றைய முடிவுச் சொல்லைக் கேட்டு என் மேசைக்கு வருவார். "மாராத்தா, இன்னைக்கு என்ன வார்த்தை?" தலை தூக்காமல் "பூண்டு" என்பேன். மறுநாள் "கோசு". அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பூண்டும் கோசும் என் மேசையில் இருக்கும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவர் வேலையை விட்டு மலைக்குத் திரும்பிய நாளிலும் வந்து கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். திரும்பிப் போனார். செருப்புச் சத்தம் வராந்தா முடியும்வரை கேட்டது. இன்றும் விடிந்தால் காது அந்தக் கேள்விக்காக நிற்கிறது.

அந்தப் பட்டியலின் கடைசிக் கார்டு என் பெட்டியில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அவர் பெயர் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அன்று தராத வார்த்தையை இன்று தருகிறேன் சார். இந்த முறை அச்சில் வரட்டும்.

ஞானமுத்து