எழுதாமல் விட்ட லெனின்கிராட்

நீர்மூழ்கியைத் தேடக் கூடாது, அதன் இழுவைப் படகைத் தேடவேண்டும். இது என் கணவர் எங்கள் வீட்டில் சொல்லிவைத்த விதி. நீர்மூழ்கி தான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் அறிவிப்பதில்லை. பழுதானால் இழுத்துப்போகக் கூடவே வரும் படகு அறிவிக்கும். கைபேசியில் கப்பல்களைக் காட்டும் வரைபடத்தில் அது ஒரு சின்னப் புள்ளியாக ஊரும். பக்கத்தில் வெறும் நீலமாகக் கிடக்கும் இடத்தில்தான் மற்றது இருக்கும்.

இந்த முறை அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தது நான். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்து, உடை மாற்றும் அறையில் ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் காலுறையுமாக நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு வருது. நாளைக்கு மத்தியானம் பாலத்தடிக்கு வரும்."

"வந்தால் வரட்டும்."

"போய்ப் பாப்பமே?"

"நீர் எப்பயிருந்து கடற்படை?"

ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் சொன்ன ஒரே பகிடி அது. அதைப் பிடித்துக்கொண்டே நான் காரை எடுத்தேன்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்டிலிருந்து, கடலுக்கு மேலால் போகும் பெரிய பாலத்துக்கு இரண்டு மணித்தியாலம். முன்பெல்லாம் அவரும் மகளும்தான் போவார்கள். நான் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் கவிதை எழுதப்போவேன். பெற்ற பிள்ளையோடு பேச அவருக்கு வேறு மொழி வாய்க்கவில்லை. அவர் தமிழில் கேட்பார், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடம், சினேகிதிகள், சாப்பாடு என்று எதைத் தொட்டாலும் மூன்றாவது வரியில் நின்றுவிடும். நீர்மூழ்கி என்றால் மட்டும் இரண்டு மொழியும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். எங்கே இருந்தாலும் முதலில் காண்கிறவர் படம் அனுப்பவேண்டும், மற்றவர் ஒரே சொல்லில் பதில் போடவேண்டும். பழசு, அல்லது புதுசு.

பெரும்பாலும் பழசுதான். ரஷ்யர்கள் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டிய டீசல் படகுகள், பால்டிக்கிலிருந்து வெளியே போவதும் பழுதுபார்க்கத் திரும்பி வருவதுமாக எங்கள் பாலத்தடியால் கடக்கும். உக்ரைன் போர் தொடங்கியபின் கருங்கடலின் வாசல் போர்க்கப்பல்களுக்குச் சாத்தப்பட்டதால், மத்தியதரைக் கடலில் நின்றவையும் இந்த வழியைத்தான் நம்பியிருந்தன.

"பழசைத் திருப்பித் திருப்பிக் கட்டுவாங்கள், நல்லாக் கட்டுவாங்கள்," என்பார் அவர். "புதுசைத் தொடங்குவாங்கள், முடிக்கமாட்டாங்கள். காத்தில்லாமல் வாரக்கணக்காத் தண்ணிக்குள்ள கிடக்கிற இயந்திரம் வருது வருது எண்டாங்கள். என்ரை தலைமயிர்தான் போச்சு, இயந்திரம் வரேல்லை."

வடக்கே வெண்கடலோரம் கட்டும் அணுசக்திப் படகுகள் மூத்த பிள்ளைகளாம். காசும் கவனமும் அவற்றுக்குத்தான். டீசல் படகுகள் அண்ணன் போட்ட சட்டையைப் போடும் இளையவை. மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அந்த இயந்திரமே தேவைப்படாது அப்பா, நல்ல மின்கலம் வைத்துவிடுவார்கள்," என்பாள். பத்து வருடம் ஓடிய வாக்குவாதம். தேத்தண்ணி ஆறிப்போகும், அது ஆறாது.

அவருக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் லெனின்கிராட், பீட்டர்ஸ்பர்க்குக்கு அப்போதிருந்த பெயர். எண்பதுகளில் புலமைப்பரிசிலில் போய் அங்கே ஐந்து வருடம் படித்தார். படித்தது மீன்பிடிக் கப்பல்களின் டீசல் இயந்திரம். வெளிநாட்டு மாணவர்களுக்கு நீர்மூழ்கியைப் பற்றி ஒரு வரிகூட யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நேவா ஆற்றங்கரையால் நடந்துபோகும்போது கட்டுதளத்தில் அந்தக் கறுத்த முதுகுகள் தெரியுமாம். பார்க்காதமாதிரிப் பார்த்துக்கொண்டு போவார்களாம்.

படிப்பு முடிந்தபோது ஊரில் சண்டை. திரும்பிப்போக முடியாமல் கிழக்கு பெர்லினுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து டென்மார்க்குக்கு வந்தார். அகதி முகாமில் அவருக்கு முன்பே வந்து சேர்ந்த ஒரு அண்ணை புத்தி சொன்னார்: "தம்பி, ரஷ்யா எண்டு வாயே திறக்காதை. உளவாளி எண்டு திருப்பி ஏத்திப்போடுவாங்கள். நேரை ஊரிலயிருந்து வந்தனெண்டு சொல்."

எங்கள் ஆட்களிடம் அதற்குப் பெயர் கேஸ். அதிகாரிக்கு முன்னால் சொல்லிப் பதிந்த கதை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாழ்க்கை இருந்தது, வாழ்ந்தது ஒன்று, கேஸ் ஒன்று. அவருடைய கேஸில் அந்த ஐந்து வருடமும் அவர் யாழ்ப்பாணத்தில் தகப்பனின் கடையில் நின்றார். பிறகு அவரைக் கட்டி நான் வந்தபோது, என் குடிவரவு நேர்முகத்துக்கு முன் அந்தக் கடையை நானும் மனப்பாடம் செய்தேன். எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திறப்பது, மண்ணெண்ணெய் பரல் எந்த மூலையில் என்று. நான் ஒருநாளும் கால் வைக்காத கடையின் வாசம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு குடியுரிமை வந்தது. துணி ஆலை வேலை வந்தது, ஆலை போனது. லெனின்கிராட் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த ஊர். சமையலறையில் தாராளமாகப் பேசலாம், வாசற்படி தாண்டக் கூடாது. மகளுக்கு யாரும் அந்த வாசற்படியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் இந்த நாட்டுப் பிள்ளை, அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

அவள் ஒலியைப் படித்தாள். கடலுக்கடியில் பதிவான இரைச்சலைக் கேட்டு எந்தக் கப்பல் என்று சொல்லும் வேலை ஒன்று பாதுகாப்புத்துறையில் வந்தது. அவளுக்கென்றே செய்துவைத்த வேலை. ஒரு சனிக்கிழமை, விண்ணப்பத்தோடு சேர்ந்த பின்னணி விசாரணைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே எனக்கு எடுத்தாள். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா எந்த வருடம் இலங்கையை விட்டு வெளியேறினார்?"

என் வாய் சொன்னது கேஸ் வருடத்தை. யோசித்துச் சொல்லவில்லை. கைபட்டதும் எரியும் விளக்கு மாதிரி வந்தது.

"அப்படியானால் லெனின்கிராட்?"

"அதை எழுதாதை, பிள்ளை."

"அவர்கள் கேட்பதே அதைத்தானே. எங்கெங்கே வாழ்ந்தார் என்று."

"பழைய பைலைக் கிண்டுவாங்கள். சொல்லுறதைக் கேள்."

பதினான்கு வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளை, அன்றைக்குக் கேட்டாள்.

நேர்முகத்தில் இரண்டு பேர், கோப்பி, நல்ல முகங்கள். இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு முகம் மலர்ந்திருக்கும், எனக்குத் தெரியும். அப்பாவைப் பற்றிச் சொன்னாளாம். பாலம், பிளாஸ்க், இழுவைப் படகு, அவர் ரஷ்ய மொழியிலேயே செய்திகளைத் தேடி வாசிப்பது, எல்லாம். ஒருவர் படிவத்தைப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாராம், அப்பா ரஷ்ய மொழியை எங்கே படித்தார் என்று.

மறுப்புக் கடிதம் வந்த கிழமை வீட்டுக்கு வந்தாள். தகப்பன் வெளியே கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. "லெனின்கிராட் ஒரு வரி, அம்மா. ஒரு வரிக்கு ஒரு கேள்வி, அதோடு முடிந்திருக்கலாம். மறைத்ததுதான் பிரச்சினை," என்றாள். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கடலில் அந்தப் படகுகள்கூட மேலே வந்து கொடியைக் காட்டித்தான் போகவேண்டும். அப்பாதான் எனக்குச் சொல்லித்தந்தார்."

தகப்பனிடம் இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது கோப்பன்ஹேகனில் தொழிற்சாலை விசிறிகளின் இரைச்சலை அளக்கிறாள். வீட்டுக்குக் கதைப்பதில்லை.

அவர் தானாகவே கணக்குப்போட்டுக்கொண்டார். ரஷ்ய அகராதியைப் பழைய கடதாசிப் பெட்டியில் போட்டார். தொலைநோக்கியைக் கோடை உடுப்புகளுக்கு அடியில் வைத்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "என்ரை அந்த அஞ்சு வருசம் பிள்ளையின்ரை கழுத்தில போய் விழுந்திட்டுது," என்றார். நான் சோற்றைக் கிளறினேன். இன்னும் கொஞ்சம் கிளறினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் கிளறிக்கொண்டேதான் இருந்தேன்.

பாலத்தடியில் காற்று காதை அறுத்தது. முதலில் இழுவைப் படகு வந்தது. பின்னால் அது, தண்ணீரில் பாதி அழித்த கோடு மாதிரி, மேலே இரண்டு மூன்று மனிதத் தலைகளும் ஒரு கொடியும். கொஞ்சம் தள்ளி எங்கள் ரோந்துப் படகு. நான் தேடி எடுத்துவந்து நீட்டிய தொலைநோக்கியை அவர் தன்னையறியாமல் வாங்கினார்.

"பழசு," என்றார்.

"புதுசு வராதோ?"

"வரும். நாங்கள் இருக்கமாட்டம்."

அந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். வெங்காயம், படிவம், எழுதாதை என்றது, எல்லாவற்றையும். "உங்கடை லெனின்கிராட்டாலை இல்லை. நான் மறைக்கச் சொன்னதாலை."

அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. படகு பாலத்தின் நிழலுக்குள் போய் மறுபக்கம் வெளிவரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் இறங்கினால் அவருக்கு மூச்சு வரும் என்று நினைத்திருந்தேன். அந்த முகம் நான் நினைத்ததைவிடக் கிழடாகிப் போனது.

"முகாமில அந்த அண்ணை சொல்லேக்க எனக்குப் பயம்," என்றார். "உமக்கு இப்ப என்ன பயம்? என்ரை பிள்ளை என்னை முழுசா எழுதப் போனவள். நீர் அவளைக்கொண்டே அழிப்பிச்சுப் போட்டீர்."

"பழக்கம்..." என்றேன்.

"ஓம். பழக்கம்."

கைபேசியை எடுத்துத் தூரத்தில் சிறுத்துக்கொண்டிருந்த அந்தக் கறுப்பைப் படம் பிடித்தார். மகளுக்கு அனுப்பினார். வழமையாகப் படத்தோடு ஒன்றும் எழுதமாட்டார். இன்றைக்கு விறைத்த விரலால் எழுத்துக் கூட்டி, "அம்மாவும் வந்தவ" என்று எழுதினார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். ஒடென்ஸ நகரம் தாண்டும் முன் அவள் பார்த்துவிட்டாள், படத்துக்குக் கீழே இரண்டு சரிக்கோடும் நீலமாகியிருந்தன. அவர் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு மடியில் வைத்தார். திரை அணையும்போதெல்லாம் பெருவிரலால் தட்டி எழுப்பினார். சின்னப் பாலத்தைக் கடந்தோம். வைல நகரத்துக் குன்றுகள் வந்தன. ஒரேயொரு சொல்தான் வரவேண்டியிருந்தது, பழசு என்று. இக்காஸ்ட் என்ற ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்தபோதும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.