கால் எட்டுகிற வண்டி

எந்த வண்டியைக் காட்டினாலும் லாண்டரி அக்கா முதலில் பின் இருக்கையைத்தான் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்து ஓட்டப்போவது தான்தான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் இயந்திர இரைச்சலில் கத்திக் கத்தி, ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். வேலைக்குப் போக வர இத்தனை வருஷமும் கணவரின் வண்டிதான். "பின்னாடி உக்காந்தா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்" என்பார் பெருமையாக. போன மழைக்காலத்தில் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருடைய கனத்த வண்டியை அக்காவால் ஸ்டாண்டிலிருந்து இறக்கக்கூட முடியவில்லை, விற்றுவிட்டார்கள்.

மாடி வீட்டுக்காரி என்பதால் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், கடை கடையாக அவருடன் அலைந்ததும் நான்தான். விற்பனையாளர்கள் மைலேஜ் சொல்வார்கள், நிறம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அக்கா ஒன்றே ஒன்று கேட்பார்: "பின்னாடி இருக்கறவரு புடிச்சுக்க முடியாத ஆளா இருந்தா விழுந்துடுவாரா தம்பி?" கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். தம்பிகள் மறுபடியும் மைலேஜுக்கே போய்விடுவார்கள்.

தாழ்வான வண்டிகளில் இருக்கை குட்டை. இருக்கை நீளமானவற்றில் அக்காவின் கால் தரையைத் தொடாது. "எனக்கு எட்டுனா அவருக்கு எடமில்ல, அவருக்கு எடமிருந்தா எனக்கு எட்டல. கல்யாணப் பொருத்தம் பாத்தவங்க இத பாக்காம விட்டுட்டாங்க."

கடைசியில் கணவரையே ஆட்டோவில் அழைத்து வந்தார். கடைக்காரரும் நானுமாகத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்தோம். அக்கா முன்னால் ஏறி ஸ்டாண்டை எடுத்தார். வண்டி நகரக்கூட இல்லை. கணவர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார். நிமிர்த்தினோம். மறுபடியும் சாய்ந்தார். துணி போட்டுத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டுமா என்று அக்கா கேட்டார். கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

கணவருக்குப் பேச்சு குழறும். அன்று சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

"என்ன விட்டுடு. உனக்குக் கால் எட்டறத வாங்கு."

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. மூலையில் நின்ற சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. இதுவே போதும் என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

பிறகு இறங்கிக் குனிந்து, பின்னால் உட்காருபவருக்காக நீட்டியிருந்த கால்மிதிகளை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கினார்.