வரிச் சலுகைக்கு ஐந்தாவது ஆள்

இன்சூரன்ஸ் கந்தோர் வேலை என்பது, நடக்கவே கூடாது என்று எல்லோரும் கும்பிடுகிற விஷயங்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற வேலை. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் சண்டைக் காலத்தில் மூன்று வருடம் மட்டக்களப்பு டவுனில் அப்படி ஒரு கந்தோரில்தான் இருந்தேன். பாஸ், பதிவு, முத்திரை என்று அந்த நாளில் வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் அதிசயமாக இருக்காது.

வேலை கிடைத்த விதம்

இன்சூரன்ஸ் கொம்பனி ஆட்களிடம் வாங்குகிற பிரீமியத்தில் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். சண்டை நடக்கிற மாவட்டத்தில் கிளை திறந்து, ஊர் ஆட்கள் ஐந்து பேருக்கு வேலை கொடுத்தால், அந்த வரியில் ஒரு பங்கைக் கழித்து விடுவார்கள். எங்கள் கிளை திறந்ததே அதற்காகத்தான். மனேஜர், கிளார்க் மிஸ், ட்ரைவர் சின்னத்துரை அண்ணன், காவல்கார ஐயா என்று நாலு பேர் சேர்ந்தாயிற்று. ஐந்தாவதுக்கு ஆள் இல்லை. படித்தவர்கள் எல்லாம் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள்.

மனேஜர் டவுனில் பறங்கிக் குடும்பத்து மனுஷன். ஆள் தேடித் தேடி நாவற்குடாவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மேசன் வேலைக்கு வெளியூர் போன என் அவர், ரோட்டைப் பூட்டியதால் வர முடியாமல் கிடந்த மாதம் அது. நான் பிள்ளையின் பால்மா டின்னை அடி வரைக்கும் சுரண்டிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபடி, "எனக்கு டைப் அடிக்கத் தெரியாது சேர், இங்கிலீசும் தெரியாது. என்ன வேலை செய்யிற?" என்று கேட்டேன். "அஞ்சாவதா இருக்கிறதுதான் புள்ள வேலை" என்றார்.

தோணிக்காரர் கேட்ட கேள்வி

கடதாசியில் எனக்கு 'வாடிக்கையாளர் உதவியாளர்' என்று பேர். செய்தது தேத்தண்ணி ஊற்றுவது, கூட்டுவது, மிஸ் சாப்பிடப் போனால் கவுண்டரில் நிற்பது. பிள்ளைக்கு பைல் அறையில் சேலையால் ஏணை கட்டியிருந்தேன்.

அப்படி நான் நின்ற ஒரு நாள், வாவியில் மீன் பிடிக்கிற கந்தையர் வந்தார். எஞ்சின் பூட்டிய தோணிக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தவர். கரையில் கிடந்த தோணிக்குப் பக்கத்தில் ஆமி அடித்த செல் விழுந்து, தோணி இரண்டாகப் பிளந்துவிட்டது. சண்டையால் வந்த சேதத்துக்குத் தர ஏலாது என்று கொம்பனி கடிதம் போட்டுவிட்டது. மனுஷன் கத்தவில்லை. பழைய ரசீதை எடுத்து, பிரீமியத்துக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது என்னகா?"

"பாதுகாப்பு வரி. அரசாங்கத்துக்குப் போறது" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"அங்க போய் என்னத்துக்கு?"

"துவக்கு, செல் வாங்கவாம்."

கந்தையர் ரசீதை நாலாக மடித்து மடியில் செருகினார். "அப்ப செல்லுக்கும் நான்தான் காசு, தோணிக்கும் நான்தான் காசு. நடுவில இந்தக் கொம்பனி என்னத்துக்குகா?"

ஹர்த்தாலுக்குப் பூட்டு, வரிக்குத் திறப்பு

சலுகைச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. வேலை நாள் எல்லாம் கந்தோர் திறந்திருக்க வேண்டும். ஹர்த்தால் என்றாலோ இயக்கப் பொடியன்மார் ஒரு கடையும் திறக்க விடமாட்டார்கள். மனேஜர் நகத்தைக் கடித்துக் கடித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். முன் ஷட்டரை ஹர்த்தாலுக்குப் பூட்டினார். பின்கதவை வரிக்குத் திறந்தார். 'திறந்திருக்கிறது' என்று மூன்று பாஷையிலும் எழுதிய பலகையைக் கிணற்றடியில் தொங்கவிட்டார். அதற்குக் கீழே இருந்துதான் நான் கோப்பை கழுவுவேன்.

ஒரு ஹர்த்தால் நாள், உழவு மெஷினுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க மண்டூரில் இருந்து ஒரு போடியார் சைக்கிளில் வந்தார். வயல் வட்டையில் நிறையக் காணி உள்ள பெரிய மனுஷன். பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திகைத்து நின்றவரை, ஒழுங்கைக்குள் நின்று "உஸ், உஸ்" என்று கூப்பிட்டேன். வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து, கோழிக்கூட்டைத் தாண்டி, கக்கூசைச் சுற்றி வருவதற்குள் அவருடைய வேட்டி முள்ளுக்கம்பியில் கிழிந்துவிட்டது. கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உண்மையச் சொல்லு புள்ள, நான் வந்திரிக்கிறது இன்சூரன்சுக்கா, கள்ளக் கசிப்புக் குடிக்கவா?"

எண்ண வந்தவர்

ஐந்து பேரும் உண்மையாகவே இருக்கிறோமா என்று எண்ண, வரி இலாகாவில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். கொழும்புத் தமிழர். டை, மினுங்குகிற சப்பாத்து. ஒரு ஆள் குறைந்தால் சலுகை இல்லை. சலுகை இல்லாவிட்டால் கிளை இல்லை, எனக்குப் பால்மாவும் இல்லை. அன்றைக்கென்று பார்த்துச் சின்னத்துரை அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டார். ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற 'பாதை' என்ற மிதவையை ஆமி துறையிலேயே நிறுத்திவிட்டது.

அதிகாரி இரண்டு தரம் எண்ணினார். "நாலு பேர்தான். ஏணையில கிடக்கிறத எண்ண ஏலாது" என்று பேனையைத் திறந்தார். அந்த நேரம் வெளியே சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். அவர்களிடமும் எங்கள் பட்டியல் இருந்தது, அதிலும் ஐந்து பேர். அங்கே ஒருவர் குறைந்தால் எங்கே, இயக்கத்தில் சேரக் காட்டுக்கா போனான் என்று விசாரணை. அது வரி விசாரணை மாதிரி இல்லை. அதிகாரிக்கு வேறு இடி. அவருடைய அடையாள அட்டை இருந்த பை, டீசல் அடிக்கப் போன ஜீப்புக்குள் கிடந்தது. பட்டியலில் பேர் உள்ளவர்களிடம் ஆமி அட்டை கேட்காது, அவர் பேரோ அதில் இல்லை. அட்டை இல்லாத தமிழ் ஆம்பிளைக்கு அந்த நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"சின்னத்துரை, ட்ரைவர். எங்க?" என்றார் பட்டியல் வைத்திருந்தவர். யாரோ "இவர்தான் சேர்" என்று சொன்னார்கள். யார் என்று பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் விரல் அந்த டையைக் காட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். "ஓம்... நான்தான் சின்னத்துரை" என்றார்.

"ட்ரைவரா? ரோட்டுல நிக்கிற உங்கட கந்தோர் வானை அங்கால எடு."

அவருக்கு வான் ஓட்டத் தெரியாது. எஞ்சின் பழுது என்று மனேஜர் எப்படியோ சொல்லி முடித்தார். அதிகாரி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் நாலு பேரும் தள்ளினோம். வான் நேரே போய் மதிலில் முட்டியது. ஆமிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

அதிகாரி உள்ளே வந்து மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். படிவத்தில் 'ஐந்து' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மனேஜர் நம்பாமல் எட்டிப் பார்த்தார். "என்ன பார்க்கிறீங்க? ஆமி எண்ணி அஞ்சு எண்டு போன இடத்தில, நான் நாலு எண்டு எழுத எனக்கென்ன தலையா கழண்டிட்டு?"

ஒருவர் குறையாமல் எண்ணிக்கைக்கு நிற்பதுதான் அந்த நாளில் எங்கள் ஊரில் ஆகக் கஷ்டமான வேலை என்பதால், நான் சும்மா இருந்து சம்பளம் வாங்கினேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.