கடை அட்ரஸ்

மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன தவணையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ‘அட்ரஸ்’ என்ற சொல் வந்தது. கடித உறையின் மேல் எழுதுவது அட்ரஸ். மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் அதுவும் அட்ரஸ். ஒருவரை சேர் என்றோ மேடம் என்றோ விளிப்பதற்கும், ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்துக் கவனிப்பதற்கும் வெள்ளைக்காரன் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறான். நம் பேச்சில் இது எப்படி வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பி, “அட்ரஸ் இல்லாம ஆக்கிருவேன்னு எங்கப்பா ஏசுவாரு டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சோக்கட்டியை வைத்துவிட்டு, மிச்சத்தை வீட்டில் எழுதி வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, நான்தான்.

நானும் தங்கச்சியும் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ் டிவிசனின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். அம்மா இன்றைக்கும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார். தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஒரே பையில் தோட்ட ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் அதைப் பிரித்து, டிவிசன் வாரியாகக் கட்டிவைப்பார். கங்காணி போனால் எடுத்துவந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். போகாவிட்டால் ஆபீஸ் ஜன்னலில் கிடக்கும், மழைச்சாரலில் நனையும்.

அதனால் எங்கள் லயத்தில் விவரம் தெரிந்த யாரும் தோட்டத்து அட்ரஸை எழுதுவதில்லை. டவுனில் அம்மா சாமான் வாங்கும் பலசரக்குக் கடையின் அட்ரஸைத்தான் போடுவார்கள். கடைக்கார முஸ்லிம் நானா ஒவ்வொரு கடிதத்தையும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்து, அன்றைக்கே எங்களுக்குப் போன் எடுத்துச் சொல்வார். “புள்ள, கடுதாசி ஒண்டு வந்தீக்கி” என்பார். என்னுடைய ஆசிரியர் நியமனக் கடிதமும் அந்த டின்னில்தான் வந்து கிடந்தது. அதை அவர் என் கையில் கொடுத்துவிட்டு, கடையில் நின்ற எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்த எனக்குப் புத்தி எங்கே போனது?

தங்கச்சி உயர்தரப் பரீட்சை எழுதிய வருஷம் தோட்டத்து மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் பேசினார். இத்தனை தலைமுறையாக இந்த மக்களுக்கு ஒரு அட்ரஸ் இல்லை, இந்தப் பிரச்சினையை நாங்கள் அட்ரஸ் பண்ணுவோம் என்றார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த கிழமையே ஆட்கள் வந்து லயத்துச் சுவரில் நீலப் பெயின்டால் நம்பர் அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு நம்பர் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை கனத்துவிட்டது.

அப்போதுதான் தங்கச்சி உயர்தரத்தில் விஞ்ஞானம் பாஸ் பண்ணி, நர்ஸ் ஆவதற்கான தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வேறு ஆசை கிடையாது. விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். அட்ரஸ் எழுதும் இடம் வந்ததும், “கடை அட்ரஸப் போடுக்கா” என்றாள்.

“ஏன், நாம என்ன கடையிலயா குடியிருக்கோம்? நமக்கு வீடு இல்லையா?”

“வீடு இருக்குக்கா. கடுதாசி வராதே.”

“எல்லாரும் இப்படியே பயந்துக்கிட்டு இருந்தா எப்பத்தான் வரும்?” என்று ஏசிவிட்டு, காம்பரா என்கிற எங்கள் அறையின் நம்பர், லயத்து நம்பர், டிவிசன், தோட்டம், எல்கடுவை என்று முத்து முத்தாக எழுதினேன். அவள் சரியென்று உறையை எடுத்து நீட்டினாள். நான் டீச்சர் அல்லவா?

நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வந்தது. நான் எழுதிய அட்ரஸுக்கே ஒழுங்காக வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழா நடந்த வாரம் அது. பெரட்டு இல்லை, கங்காணி ஆபீஸ் பக்கம் போகவில்லை. திருவிழா முடிந்து வேலை தொடங்கிய காலையில் பெரட்டில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நனையக் கூடாதென்று சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்து, பொழுது சாயக் கொண்டுவந்தார். தங்கச்சி வாசலில் நின்று வாசித்தாள். தேர்வு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அவள் அழவில்லை. கடிதத்தைத் திரும்ப மடித்து உறைக்குள் போட்டு, உறையின் மேல் இருந்ததை வாசித்தாள். “ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லக்கா” என்றாள்.

மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறி, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனோம். நீங்கள் தந்த அட்ரஸுக்கு அனுப்பிவிட்டோம், எங்கள் வேலை அதோடு முடிந்தது என்று ஒரு அதிகாரியம்மா சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். திரும்பி வந்து தோட்ட ஆபீசில் சண்டை போட்டேன். கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஏ புள்ள, லயம் லயமா கொண்டாந்து குடுக்கிறதா எனக்கு வேலை?” என்றார். டவுனில் என்னை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அந்த ஜன்னலுக்கு முன்னால் நான் ஏ புள்ளதான்.

அடுத்த முறை விண்ணப்பம் கோரப் பல வருஷம் ஆனது; அதற்குள் அவளுக்கு வயதெல்லை தாண்டியிருந்தது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல, எல்லாம் தலையெழுத்து என்று அம்மா இப்போதும் சொல்கிறார். தலையெழுத்து இல்லை, அது என் கையெழுத்து. இதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட நானா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏன் மகள், கடை அட்ரஸப் போடல்லயா?”

சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கச்சி வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். ஏஜென்சிக்காரர் தந்த பாரத்தை அவளே நிரப்பினாள். என்னைப் பேனையைத் தொட விடவில்லை. அட்ரஸ் என்ற இடத்தில் நானாவின் கடையை எழுதினாள். போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் போனில் குரல் பதிவு அனுப்புவாள். சாப்பிட்டேன், சுகமாக இருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

போன மாதம் அம்மா மிளகாய்த்தூள் இடித்து, கருவாடும் வைத்து, அவளுக்கு அனுப்பச் சொல்லிக் கட்டித் தந்தார். நான் அவளிடம் அட்ரஸ் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“தெரியாதுக்கா. வாசல் கேட்டுக்கு வெளிய நம்பர் இருக்கும்னு நினைக்கிறேன். வந்த அன்னைக்குப் பார்க்கல. அதுக்கப்புறம் என்னைய வெளிய விடலயே.”

பார்சல் நானாவின் கடையில், அந்த டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் அவள் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன்.