துக்க வீட்டில் சிரிக்க வைக்கப் போனேன்

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவது எனக்குப் பிறவிக் கோளாறு. ஊரில் ஒரு துக்க வீட்டில் சிரித்ததற்காகத் தாய்மாமா என் காதைப் பிடித்துத் தெரு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அப்படிப்பட்டவனை ஒரு பெண் தன் அப்பாவின் துக்கத்துக்கு, சிரிக்க வைப்பதற்கென்றே அழைத்தாள்.

அவள் ஜிம்பாப்வேக்காரி. ஷார்ஜாவில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். டீ பிரேக்கில் தினமும் அவள் அப்பா வீடியோ காலில் வருவார். வருவார் என்றால் நெற்றி மட்டும் வரும். மீதித் திரை முழுக்க அவர் வீட்டுக் கூரைத் தகரம். பெண்ணைக் கட்டுகிறவன் மாமனாருக்கு மாடு கொடுப்பது அவர்கள் வழக்கமாம். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது நன்றாகத் தெரிந்தும், என்னைக் கண்டதும், "மருமகனே, மாடு வாங்கியாச்சா?" என்று காது கிழியக் கத்துவார்.

"மாடு மாஃபி, இல்ல மாமா. ஃபிரிஜ்ல பால் பாக்கெட்தான் இருக்கு" என்பேன். நெற்றி குலுங்கும்.

அவர் இறந்தபோது அவளால் போக முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தாள்; பாதியில் சிக்னல் போய்விட்டது. மறுநாளே டியூட்டிக்கு வந்து பில் போட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அவரை அனுப்பி வச்ச மாதிரியே இல்ல. அழுகையும் வரல" என்றாள். அவள் ஊரில் குடும்பத்துக்குக் குடும்பம் 'சஹ்விரா' என்று ஒரு சிநேகிதர் உண்டாம். துக்க வீட்டுக்கு வந்து, இறந்தவரைப் போலவே நடந்து, பேசிக் காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது அவருடைய உரிமை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"இங்க இருக்கிற எங்க ஆளுங்க யாரும் அப்பாவைப் பார்த்ததில்ல. உனக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை வா."

அறையில் சொன்னதும், கூட இருக்கும் ராமநாதபுரத்து அண்ணன் குழம்பைக் கிளறுவதை நிறுத்தினார். "கிறுக்குப் பயலே, எழவு வீட்ல போய் மிமிக்ரி பண்ணப் போறியா?"

"அவங்க வழக்கம்ணே."

"வழக்கம் அவங்களுக்கு. அடி உனக்கு."

ஷார்ஜாவை ஒட்டிய அஜ்மானில் அவள் ஃப்ளாட். செக்யூரிட்டி, நர்ஸ், சலூன் வேலை என்று அவள் ஊர்க்காரர்கள் ஹால் நிறையத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டுவதுதான் அவர்கள் வணக்கம். நானும் பணிவாகத் தட்டினேன். பெண்கள் பக்கம் லேசான சிரிப்பு. உள்ளங்கையைக் குவித்துக் குறுக்காகத் தட்டுவது பெண்களின் வணக்கமாம். ஆண்கள் விரல் நீட்டி நேராகத் தட்ட வேண்டுமாம். வந்த வேலை முடிந்தது என்று அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

தயார் செய்து கொண்டுபோன ஜோக்கைச் சொன்னேன். ஏசி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. வேறு வழியில்லாமல் என் போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்து, "ஹலோ! ஹலோ! மாடு எங்கடா மருமகனே?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். "அப்பா, போனைக் கீழ இறக்குங்க. மூஞ்சி தெரியல."

"என்னது? கேக்கல!" இன்னும் உயர்த்தினேன். ஹாலே வெடித்தது. அவளும் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சாப்பிட்டீங்களாப்பா?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "வயிறு நெறையச் சாப்பிட்டேம்மா."

"மாத்திரை?"

"இனிமே மாத்திரை எதுக்கு?"

வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு பயந்துபோனேன். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. தலையை ஆட்டிக்கொண்டே, "அதுவும் சரிதான். நல்லபடியா போங்கப்பா" என்றாள்.

மகள் வழியனுப்பிய பிறகு அப்பா அங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா? தூக்கிய போனோடு எழுந்து, கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

லிஃப்ட் பக்கத்தில் நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது. வழியனுப்பிய மனிதர் பெல் அடித்துத் திரும்பி வந்தால் நன்றாகவா இருக்கும்? பர்ஸ் வைத்த பையோ உள்ளே இருந்தது. முதலில் அவள் அழுகை கேட்டது. பிறகு எல்லோரும் பாடுவது கேட்டது. கோழிக் குழம்பு வாசனை வேறு. லிஃப்டிலிருந்து இறங்கிய எகிப்துக்காரர் ஒருவர், தூக்கிய போனோடு நின்ற என்னைப் பார்த்ததும் தன் பிள்ளைகளை மறுபக்கம் நகர்த்திக்கொண்டு போனார்.

கதவு திறந்தது. வீங்கிய கண்களோடு, முகம் கழுவி நின்றிருந்தாள்.

"அவர் போயிட்டார்" என்றாள். "நீ உள்ள வா. சோளக் களி ஆறுது."