செல்வி அக்கா கை தூக்கவில்லை

இன்று பிரதேச சபைக் கூட்டம் பார்க்கப் போயிருந்தேன். மண்சரிவில் போன எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டை எப்போது போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

தலைவர் எழுந்தார். "ஒவ்வொன்னுக்கும் சபையைக் கூட்டிக்கிட்டிருந்தா மண்சரிவு வேலை எதுவும் நடக்காது. முடிவெடுக்கிற அதிகாரத்தை எங்கிட்ட குடுத்துருங்க."

உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். அவருடைய கட்சியிலேயே இருக்கும் எங்கள் பகுதி உறுப்பினர் செல்வி அக்கா மட்டும் தூக்கவில்லை.

"எது வரைக்குங்க?" என்று கேட்டார்.

"தேவை முடியிற வரைக்கும்."

"தேவை முடிஞ்சிருச்சுன்னு யாருங்க சொல்றது?"

"நான்தான்!"

மண்டபமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

திரும்பும்போது அப்புத்தளை பஸ்ஸில் அக்காவும் இருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முருகேசு அண்ணன் அவரைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து எம்மகள நாற்காலியில வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நீங்க என்னான்னா கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

அக்கா மெதுவாகச் சொன்னார். "நாளைக்கே போடட்டும்ண்ணே, நான் தடுக்கல. நம்ம ரோட்ட விட்டுட்டு வேற எங்கயாவது போட்டா, போய்க் கேக்குறதுக்கு ஒரு சபை வேணும்ல?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அக்கா கேட்டது நியாயம். ரோடும் அவசரம்.

நீங்கள் யார் பக்கம்? அக்கா பக்கம் என்பவர்கள், உங்கள் வீட்டு வாசல் வரை வாகனம் வருமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.