குராமோச்சியைக் கூப்பிடாதீர்கள்

பயிற்சி மைதானத்தின் கார் நிறுத்தத்தில் காலை எட்டரைக்கே நின்றுகொண்டிருப்பார் குராமோச்சி யோஷிகி. இனாகாகியின் வெள்ளைக் கார் வந்து நின்றதும் கண்ணாடியைத் தட்டுவார்.

"தூங்கினியா?"

"தூங்கினேன், குராமோச்சி-சான்."

"இப்ப இருமின மாதிரி இருந்துச்சே?"

"சிரிச்சேன்."

"வாய மூடிக்கிட்டு சிரி. கடல் காத்து தொண்டைக்கு ஆகாது." சொல்லிக்கொண்டே இஞ்சித் தண்ணீர் நிரப்பிய குடுவையை நீட்டுவார். இனாகாகி குடித்து முடிக்கும்வரை, கூரையில் ஏறியவனைக் கீழிருந்து பார்ப்பதுபோல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர் கால்பந்து அணியின் முதல் கோல்கீப்பர் இனாகாகி. இருபத்து நாலு வயது. குராமோச்சி இரண்டாமவர், முப்பத்தேழு வயது. பதினாறு பருவங்களில் நாலு ஊர்களின் அணிகளுக்காகச் சம்பளம் வாங்கியிருக்கிறார். லீக் ஆட்டங்களில் இறங்கியது ஒன்பது தடவை. மற்ற ஞாயிறுகளில், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கோட்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ரசிகர் மன்றத்தின் மாத இதழ் சென்ற இளவேனிலில் அவர் படத்தை அட்டையில் போட்டது. தன் இடத்தில் நிற்கும் தம்பிக்குத் தானே இஞ்சித் தண்ணீர் கொண்டுவரும் பெருந்தன்மையைப் பற்றி உள்ளே இரண்டு பக்கம். படித்தவர்களில் சிலர் அழுததாகக் கேள்வி. பச்சை மீன் வேண்டாம், சிப்பி வேண்டவே வேண்டாம், மாடிப்படியில் கைப்பேசி பார்க்காதே என்று அவர் இனாகாகியின் பின்னாலேயே திரிவதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு இளகத்தான் செய்யும்.

விஷயம் வேறு. குராமோச்சிக்கு கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கப் பயம்.

பயிற்சியில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூலைக்குப் போகும் பந்தைப் பறந்து பிடிப்பார், பிடித்துவிட்டு, அடித்தவனை "காலையில சாப்பிடலையா?" என்று வம்புக்கிழுப்பார். ஆட்ட நாளில், ஆடப்போவது இன்னொருவன் என்றாலும், அவருக்குச் சோறு இறங்காது. இனாகாகி கீழே விழுந்து எழ இரண்டு நொடி தாமதமானால் பெஞ்சில் இவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பாசம் என்கிறார்கள். அவர் மறுப்பதில்லை.

எல்லாம் அவருடைய ஐந்தாவது ஆட்டத்தில் தொடங்கியது. சொந்த அணிக்காரன் பின்னால் தட்டிவிட்ட பந்து, அவசரமே இல்லாமல், இவர் காலுக்கடியில் புகுந்து கோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த ஒரு கோலில் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் வரிசையாக ரசிகர்கள் முன்னால் போய்க் குனிந்து வணங்க வேண்டும், வழக்கம். குராமோச்சி வசவுக்குத் தயாராகக் குனிந்தார். இரண்டாயிரம் பேர் சீராகக் கைதட்டி, "பரவாயில்ல, குராமோச்சி, பரவாயில்ல" என்று பாடினார்கள்.

"திட்டியிருந்தா வீட்டுக்குப் போய் ரெண்டு கிண்ணம் சோறு தின்னுட்டுத் தூங்கியிருப்பேன்," என்பார். "மன்னிச்சுட்டாங்க. அத்தனை பேரும். நிமிரவே முடியல."

அதற்குப் பிறகு நாலு தடவை இறங்கினார். நாலு தடவையும் காதில் அந்தப் பாட்டு, யாரும் பாடாமலே.

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தால் போதும். தோற்றால் தொழில்முறை லீக்கிலிருந்தே அணி வெளியே விழும். முதலாளி இல்லாத அணி. ஊர் கடைக்காரர்களின் தயவில் ஓடுவது. விழுந்தால் எழாது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமைப் பயிற்சியில், ஒரு பந்து இனாகாகியின் இடது மோதிர விரலில் பட்டது. சின்னச் சத்தம். அருகில் நின்ற குராமோச்சிக்கு மட்டும் கேட்டது.

அவனைச் சாமான் அறைக்குள் இழுத்துப் போய்க் கையுறையைக் கழற்றினார். விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றான் இனாகாகி. "மேல் லீக்லேர்ந்து ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க ஆள் வருது. நான் நிக்கணும்."

"என் வாயிலேர்ந்து வராது," என்றார் குராமோச்சி. வாழ்நாளில் இவ்வளவு மனதாரக் கொடுத்த வாக்கு வேறு இருக்காது.

உடைந்த விரலை நடுவிரலோடு சேர்த்து அவரே ஒட்டுப்பட்டை சுற்றினார். பதினாறு வருஷம் பிறர் விரலுக்குச் சுற்றிய கை. மருத்துவரே பார்த்தாலும் கோல்கீப்பர்கள் வழக்கமாகப் போடும் கட்டு என்பார். ஒருவனுக்கு இடம் போய்விடும் என்று பயம், மற்றவருக்கு இடம் வந்துவிடும் என்று பயம். இரண்டும் ஒரே பட்டைக்குள் அடங்கின.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி சயோகோ எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவனுக்கு என்ன உடம்புக்கு?"

"யாருக்கு?"

"உங்க மூஞ்சிய வெச்சே இனாகாகிக்கு எத்தனை டிகிரி காய்ச்சல்னு சொல்லிடுவேன். என்ன, கையா, காலா?"

"ஒண்ணுமில்ல. முள்ளங்கி வெந்துடுச்சா பாரு."

"அது எப்பவோ வெந்துடுச்சு. உங்களத்தான் பாத்துட்டிருக்கேன்." அவர் கிண்ணத்தில் முள்ளங்கியைப் போட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஊரான் வீட்டுப் பிள்ளைங்க நல்லாருக்கணும்னு கோயில்ல கும்பிட்டுட்டிருக்கேன். என்னிக்காவது உங்களுக்குன்னு கும்பிடலாமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

முள்ளங்கி கிண்ணத்திலேயே ஆறிப்போனது.

ஞாயிறு ஒரு மணிக்குப் பனியும் மழையும் கலந்து விழ ஆட்டம் தொடங்கியது. முதல் இருபது நிமிஷம் இனாகாகி பந்தைப் பிடிக்கவே இல்லை. எல்லாவற்றையும் முஷ்டியால் குத்தியே விரட்டினான். ரசிகர்கள் அதை வீரம் என்று ஆர்ப்பரித்தார்கள். எதிரணியின் பத்தாம் எண்காரன் ஆர்ப்பரிக்கவில்லை. அவன் ஓடிப்போய்த் தன் பயிற்சியாளர் காதில் ஏதோ சொன்னான். சொல்லும்போது தன் இடது கையைத் தொட்டுக் காட்டினான். குராமோச்சி அதைப் பார்த்தார். முப்பதாவது நிமிஷத்திலிருந்து எல்லாப் பந்தும் இனாகாகியின் இடது பக்கமே வந்தது. ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்று விரல் நுனியில் பட்டு வெளியே போனது. இனாகாகி வலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலியில் வாயைத் திறந்ததை பெஞ்சிலிருந்து ஒருவர் மட்டும் பார்த்தார்.

இடைவேளை. கோல் இல்லை, இரண்டு பக்கமும்.

உடை மாற்றும் அறையில் நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூவரும் ஒத்துப்போவதை மட்டும் இங்கே தருகிறேன்.

எங்கள் பயிற்சியாளர் ஹொன்மா, இனாகாகி முன்னால் வந்து நின்றார். "இடது கை?"

"நல்லாருக்கு."

"பிடிச்சுக் காட்டு" என்று அருகிலிருந்த பந்தை எடுத்தார். பிறகு போடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "குராமோச்சி, அந்தக் கட்டு நீங்க போட்டதுதானே. நீங்க சொல்லுங்க. நல்லாருக்கா?" என்றார்.

இனாகாகி குராமோச்சியைப் பார்த்தான். தலையை அசைக்காமல், கண்ணால் மட்டும் வேண்டாம் என்றான். நல்லாருக்கு என்றால் போதும். கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு திரும்பவும் பெஞ்சில் போய் உட்காரலாம். தோற்றாலும் அது இன்னொருவன் தோல்வி. பாட்டும் இன்னொருவனுக்கு.

குராமோச்சி வாயைத் திறந்தார். உதடு மட்டும் இரண்டு தடவை அசைந்தது.

"தூக்கம் வருதா?" என்றார் ஹொன்மா.

குராமோச்சி எழுந்தார். கோட்டைக் கழற்றி விட்டார்; அது தரையில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. பையிலிருந்து தன் கையுறைகளை எடுத்தார். அறை மூலையில் இருக்கும் கை கழுவும் தொட்டிக்கு நடந்தார். காய்ந்த கையுறையில் பந்து வழுக்கும். அதனால் களத்தில் இறங்கப்போகிறவன்தான் அதை நனைப்பான் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர் குழாயைத் திறந்தார். வேகமாக வந்த தண்ணீர் சட்டை மேலும் சுவர் மேலும் தெறித்தது. அவர் குனிந்து, ஒரு கையுறையை நனைத்துப் பிழிந்து, மற்றதையும் தண்ணீருக்கடியில் நீட்டினார்.